“நாளை” என்றால் எந்த நாள்?
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நான் எழுந்தாலே மெயின்டனன்ஸ் பாக்கியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். இன்று அது இல்லை. நம் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி.

முதலில் என் தவறு. போன மாதம் லிஃப்ட் சர்வீஸ்காரர் இரவு போன் செய்து, காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். நான் கணக்கு நோட்டை முடித்துவிட்டுக் குழுவில், “நாளை லிஃப்ட் வேலை. ஒத்துழைக்கவும்” என்று போட்டேன். அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிடம். நாலாவது மாடியில் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா காலையில் அதைப் பார்த்திருக்கிறார். செய்திக்கு மேலே ‘இன்று’ என்று இருந்தது. அப்படியானால் வேலை மறுநாள்தானே என்று இருந்துவிட்டார். பதினோரு மணிக்குத் தையல் பிரிக்கப் போக வேண்டும். கடைசியில் வாட்ச்மேனும் இரண்டு பையன்களும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு மாடியும் தூக்கி இறக்கினார்கள். “பரவாயில்லை சார்” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இத்தனைக்கும் நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து, செக்கில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள் என்று வருடக்கணக்கில் சொன்னவன். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881-ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்கிறது. (நடைமுறையில் செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம், அது வேறு கதை.) படிப்பவர் பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம், அதனால்தான் அந்த ஏற்பாடு. எனக்கே அது மறந்துபோயிற்று.

அன்று நான் போட்டிருக்க வேண்டியது இது:

*பி பிளாக் லிஃப்ட் இயங்காது*
12-ம் தேதி வியாழன், காலை 10 முதல் மதியம் 2 வரை.
அந்த நேரத்தில் வெளியே போக வேண்டியவர்கள் காலை 9 மணிக்குள் வாட்ச்மேனிடம் சொல்லவும்.

முதல் வரியின் இரு பக்கமும் இடைவெளி விடாமல் நட்சத்திரக் குறி போட்டால் எழுத்து தடிமனாக வரும். அதற்காகச் செய்தி முழுவதையும் தடிமனாக்காதீர்கள், கத்துகிற மாதிரி இருக்கிறது. தப்பாக அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் அதே செய்தியை அழுத்திப் பிடித்துத் திருத்தலாம். அதற்குப் பிறகு என்றால் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பதில் சொல்லும்போது, எந்தச் செய்திக்கோ அதை வலப்பக்கம் தள்ளிவிட்டு எழுதுங்கள். சம்ப் கழுவலாமா என்று ஒருவர், நாய்க்குட்டி வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருக்க, நடுவில் வெறும் “சரி” வந்தால் பிளம்பர் என்ன செய்வார்?

என் மகள் ஆபீஸிலும் இதே தொல்லைதானாம். “ஹாய்” என்று ஒருவர் அனுப்புவார். இவள் “சொல்லுங்கள்” என்பாள். அரை மணி கழித்துத்தான் விஷயம் வரும். நம் குழுவிலும் “செயலாளர் சார், இருக்கிறீர்களா?” என்று வருகிறது. இருக்கிறேன், ரிட்டயர் ஆனவன் எங்கே போவேன்? பிளாட் நம்பரையும் எங்கே ஒழுகுகிறது என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

அடுத்த லிஃப்ட் சர்வீஸ் செய்தியை நாலாவது மாடி அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடப்போகிறேன். அவரும் சம்மதித்துவிட்டார். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காலிங் பெல்லை அடிக்கக் கூடாதாம்.