எழுதியவர் யார்? பூட்டியவர் யார்?



மென்பொருளைப் பற்றி அரசியல் மேடையில் பேசுவானேன் என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். மருத்துவமனையில் நோயாளியின் ஏடு எவர் கையில் இருக்கிறது, அதன் திறவுகோல் எவர் இடுப்பில் தொங்குகிறது என்பது அரசியலன்றி வேறென்ன?

தனியார் முதலுக்குத் தாயகம் என்று போற்றப்படும் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே முன்னாள் படைவீரர்களுக்கென அரசே மருத்துவமனைகளை நடத்துகிறது. 1970களின் இறுதியில் அங்குப் பணிபுரிந்த மருத்துவர்களும் நிரல் எழுதுவோரும் கூடித் தங்களுக்கான மென்பொருளைத் தாங்களே எழுதத் தலைப்பட்டனர். மேலிடம் முகம் சுளித்தது, தடுக்கவும் முனைந்தது. அவர்களோ அஞ்சவில்லை. பின்னாளில் 'விஸ்டா' என்று பெயர் பெற்றது அந்தப் படைப்பு.

அதன் சிறப்பு எங்கே இருந்தது? மருத்துவர் குறை சொன்னால், அதே கட்டடத்தில் இருந்தவர் திருத்தினார். 1992இல் கேன்சஸ் மாநிலத்து டொபீகா நகரில் ஒரு செவிலியர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கையில் ஊழியர் கோட்டுக் குறியீட்டைக் கருவியால் படித்ததைக் கண்டார். காருக்கு ஆவது நோயாளிக்கு ஆகாதா என்று எண்ணினார். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் உறையையும் ஒப்பிட்டபின் மருந்து கொடுக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. எந்த நிறுவனத்தின் விற்பனையாளருக்கு உதித்த கருத்து இது?

அரசு ஊழியர் எழுதியது அந்நாட்டுச் சட்டப்படி பொதுச்சொத்து. ஆகவே மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஜோர்டான் நாடு 2009இல் தொடங்கிய 'ஹக்கீம்' திட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டது.

குறையே இல்லையா? உண்டு. மருத்துவமனைதோறும் ஒரு வடிவமாக நூற்று முப்பதுக்கு மேல் கிளைத்தது. எழுதப்பட்ட கணினிமொழியோ பழையது, அறிந்தோர் சிலர். இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. ஆயின் 2006 அளவில் கணினிப் பணிகளைத் தலைமையகத்தின் பிடிக்குள் கொண்டுபோனவர்கள் யார்? உழவனை வரப்பைவிட்டு இறக்கிவிட்டு, நிலம் விளையவில்லை என்று நொந்துகொள்வதா? திறந்த நிரல் என்றால் செலவில்லை என்று நம் தோழர்களிலும் சிலர் எண்ணுகின்றனர். தவறு. அதைப் பேணும் கைகளுக்கு ஊதியம் வேண்டும். உரிமக் கட்டணத்துக்குக் கொடுக்கும் பணத்தை அந்தக் கைகளுக்குக் கொடுங்கள் என்பதே நம் வாதம்.

அமெரிக்க அரசு வேறு வழி சென்றது. 2018இல் செர்னர் நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு ஆயிரம் கோடி டாலர் ஒப்பந்தம்! 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரில் புதிய மென்பொருள் இயங்கத் தொடங்கியது. மருத்துவர் எழுதிய ஆணைகளுள் அது அடையாளம் காணாதவை ஒரு மறைவான வரிசையில் போய் விழுந்தன. எழுதியவருக்குச் செய்தியே இல்லை. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஆணைகள் அவ்வாறு சிக்கின, 149 பேருக்குத் தீங்கு நேர்ந்தது என்று 2022 ஜூலையில் அத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே அறிவித்தது. பிழை எந்த மென்பொருளிலும் நேரும், தோழர்களே. திருத்தும் உரிமை எவரிடம் என்பதுதான் கேள்வி. அதற்கு முந்திய மாதந்தான் செர்னரையே ஆரக்கிள் நிறுவனம் வாங்கிற்று. படுக்கையில் கிடந்த படைவீரனைக் கேட்டா வாங்கினார்கள்?

2023 ஏப்ரலில், ஐந்து மருத்துவ மையங்களோடு விரிவாக்கத்தை அரசே நிறுத்தி வைத்தது. எஞ்சிய மருத்துவமனைகளில் அன்று நோயாளியின் ஏட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது, அந்த ஊழியர்கள் எழுதிய பழைய விஸ்டாதான்.