முதலில் ஒரு வீடு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஏழைகளுக்கு உணவளிக்கிறோம், ஆடை வழங்குகிறோம், மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டுகிறோம். ஆனால் உண்டவர் இரவில் எங்கே படுப்பார், வாங்கிய மருந்தை எங்கே வைப்பார் என்று நாம் அதிகம் வினவுவதில்லை. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 80ஆம் வசனம், இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக, அமைதி தரும் இல்லத்தைக் குறிப்பிடுகிறது. அந்த அமைதியை இழந்தவர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நிகழ்ந்த துயரத்தை நாம் மறக்க இயலாது. மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வகையிலும் தடை செய்தது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கலாகாது என்றும் அது கூறுகிறது. ஆயினும் சட்டம் கூரையாகிவிடாது. வீட்டைத் திறந்துவிட ஒருவர் முன்வர வேண்டும்.

அதற்கு வழிகாட்டுகிறது, 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் தொடங்கிய 'தி பேன்யன்' நிறுவனம். தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்குச் சிகிச்சை அளித்த அந்நிறுவனம், குணமடைந்தும் போக்கிடமற்றிருந்தோருக்காக 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணக் குடியிருப்புப் பகுதியில், வாடகை வீட்டில் வாழ்கின்றனர். உதவியாளரின் துணையோடு சமைக்கின்றனர், கடைக்குச் செல்கின்றனர், அண்டை வீட்டாரோடு பழகுகின்றனர்.

பின்லாந்து நாடு இக்கருத்தை 2008 முதல் அரசின் கொள்கையாகவே நடைமுறைப்படுத்தியது. தலைநகர் ஹெல்சிங்கியில் பலர் ஒன்றாகப் படுத்துறங்கிய இரவு விடுதிகள், தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. குடியிருப்போர் வாடகை ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். இயலாதோரின் வாடகைக்கு அரசு உதவுகிறது. 1980களின் பிற்பகுதியில் 18,000ஐத் தாண்டியிருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023இல் சுமார் 3,400 ஆகக் குறைந்தது. உதவித்தொகைகள் குறைக்கப்பட்ட பின்னர், 2024இல் அது மீண்டும் சற்று உயர்ந்தது. வாடகை தாங்கக்கூடியதாக இருப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதுவும் சான்றாகும்.

"குடிப்பழக்கத்தை விடாதவனுக்கும் வீடா?" என்று சிலர் கேட்கலாம். குடி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் "முதலில் திருந்து, பிறகு வீடு" என்ற நிபந்தனையைத் தெருவில் கிடப்பவரால் நிறைவேற்ற முடிவதில்லை. களவுக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருப்பவர், வேளை தவறாமல் மருந்து உண்பது எங்ஙனம்? முகவரியற்றவர் குடும்ப அட்டையும் வங்கிக் கணக்கும் ஊனமுற்றோர் உதவித்தொகையும் பெறுவது எளிதா? பூட்டக்கூடிய கதவு கிடைத்த பின்னரே மனிதன் நாளையைப் பற்றிச் சிந்திக்கிறான். வீடு திருந்தியதற்கான பரிசு அன்று. திருந்துவதற்குத் தேவையான முதல் படி.

மதீனாவில் வீடற்ற தோழர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே திண்ணை இடமளித்தது. அந்த மரபின் வாரிசுகளான நம்மால் மூன்று காரியங்கள் ஆகும்.

ஒன்று: வீட்டுச் சொந்தக்காரர்கள், ஊனமுற்றவர் என்றோ, மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்றோ அறிந்தவுடன் கதவைச் சாத்தாதிருத்தல் வேண்டும். பேசிய வாடகையைத் திடீரென உயர்த்தி அவர்களை வெளியேற்றலாகாது.

இரண்டு: தரைத்தள வீடுகளைக் கால் இயலாதவர்களுக்கு முதலில் அளிக்கலாம். வாசலில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற அளவில் சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி எளிதில் ஏறும். கழிவறைக் கதவும் அகலமாக இருத்தல் வேண்டும்.

மூன்று: முன்பணம் கட்ட இயலாதோருக்கு ஜமாஅத் வட்டியில்லாக் கடனளித்து, வாடகைக்குப் பொறுப்பேற்கும் நிதி ஒன்றை ஏற்படுத்தலாம். இதனை நிர்வாகக் குழு பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நம் மஹல்லாவில் பள்ளிவாசல் வாயிலைத் தவிர வேறு படுக்கை இல்லாதவர் ஒருவரும் இல்லை என்று சொல்லத்தக்க நாளை வல்ல அல்லாஹ் நமக்குக் காட்டுவானாக! அதற்காக உழைக்கும் தவ்ஃபீக்கையும் நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.