பழைய கணினியில் புதிய படம்

சரோஜினி நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் வாங்கியது. கோர் டூ டூயோ என்னும் வகையைச் சேர்ந்தது. என் மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் குழந்தைகளின் பள்ளிப் பாடங்களையும் இத்தனை ஆண்டுகளாக முணுமுணுக்காமல் சுமந்து வந்திருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்ற கேள்வி ஒரு கலியாணத்தினால் எழுந்தது.

என் தமக்கையின் மகளுக்குக் கும்பகோணத்தில் திருமணம். தாய்மாமன் என்ற முறையில் நான் போய் வந்தேன். என் தகப்பனாருக்கு எண்பத்திரண்டு வயது. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நீண்ட பயணம் கூடாது என்று வைத்தியரும் தடுத்துவிட்டார். மூத்த பேத்தியின் கலியாணத்தைப் பார்க்க முடியாத தாத்தாவின் மனநிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. “படம் பிடித்து அனுப்பச் சொல், அது போதும்” என்று மட்டும் சொன்னார். ஒரு மாதத்துக்குப் பின் தபாலில் ஒரு பென் டிரைவ் வந்து சேர்ந்தது. இரண்டு மணி நேரப் படம். இக்காலத்து உயர் தெளிவுப் படம்.

அன்று காலை அவர் குளித்து, சலவை வேட்டி கட்டி, விபூதி இட்டுக்கொண்டு கணினியின் முன் வந்து அமர்ந்தார். படம் ஓடத் தொடங்கியது. ஓடியது என்றா சொன்னேன்? ஒலி ஓடியது, படம் நின்றது. கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்துவிட்டது; மாப்பிள்ளையோ இன்னும் ஊஞ்சலில் இருந்தார். பிறகு ஒரே தாவல். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். “ஏண்டா, தாலி கட்டியாச்சா இல்லையா?” என்று கேட்டார் தகப்பனார்.

அதே படத்தை என் மகள் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். அங்கே தங்கு தடையின்றி ஓடிற்று. ஆனால் கண்புரை அறுவை செய்துகொண்ட கண்களுக்குத் துவரம்பருப்பளவு முகங்களால் என்ன பயன்? இருந்தாலும் எனக்கு அது ஒரு நல்ல கேள்வியைத் தந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருவி செய்வதை மேசை நிறைய இருக்கும் யந்திரம் ஏன் செய்யவில்லை?

உயர் தெளிவுப் படம் என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் 20,73,600. நாம் முன்பு பார்த்த டிவிடி படத்தில் 4,14,720 புள்ளிகளே உண்டு. ஆக, இது சரியாக ஐந்து மடங்கு. நொடிக்கு 25 படங்கள் வீதம் இவற்றை அப்படியே சேமித்து வைத்தால், இரண்டு மணி நேரக் கலியாணம் 1,100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். எனக்கு வந்த கோப்போ 6 ஜிபி. எப்படிச் சுருங்கியது? பந்தலும் தோரணமும் அசையாமல் இருக்கின்றன. ஐயரின் கை மட்டும் அசைகிறது. அசைந்ததை மட்டும் எழுதி, அசையாததை ‘முன்போலவே’ என்று குறித்துவிட்டால் போதுமல்லவா? இவ்வாறு சுருக்கி எழுதும் முறைக்குக் கோடெக் என்று பெயர்.

கோடெக்குகளும் மொழிகளைப் போலப் பலவாகும். எச்.264 என்பது 2003ஆம் ஆண்டில் வந்தது. எச்.265 என்பது 2013இல் வந்தது. ஏறக்குறைய பாதி அளவில் அதே தெளிவைத் தருவது. ஆனால் விரித்துப் படிப்பதற்கு அதிக உழைப்பைக் கேட்பது. யூடியூபில் விபி9, ஏவி1 என்னும் வேறு இரண்டும் வழங்குகின்றன. எங்கள் கலியாணம் எச்.265இல் எழுதப்பட்டிருந்தது. என் யந்திரமோ அந்த மொழி பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பிறந்தது. அதன் நடுச் செயலி, அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் பெயர்க்கும் குமாஸ்தாவைப் போலத் திணறிற்று. கைப்பேசியில் அந்த மொழியை மட்டுமே அறிந்த தனி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சில்லு வடிவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அது விளையாட்டு. இருபது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவனாதலால், இந்த வேறுபாடு எனக்குச் சட்டென்று விளங்கிற்று. என் கணினிக்கு வேண்டியது வேகமன்று, ஒரு மொழிபெயர்ப்பாளர்.

முதலில் காசில்லாத வேலையைச் செய்தேன். பெட்டியைத் திறந்தேன். டில்லியின் கோடைப் புழுதி விசிறியின் மேல் கம்பளம் நெய்திருந்தது. சூடு மிகுந்தால் செயலி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புழுதியைத் தட்டி, செயலியின் மேல் காய்ந்து கிடந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். பசை 120 ரூபாய். யூடியூப் படங்கள் சற்றுத் தேறின. கலியாணம் மட்டும் ஊஞ்சலிலேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமை நேரு பிளேஸுக்குப் புறப்பட்டேன். சரோஜினி நகர் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிலையம் லாஜ்பத் நகர். அங்கே வண்டி மாறினால் மறுபடி மூன்றாவது நிலையம் நேரு பிளேஸ். சட்டைப்பையில் 4,000 ரூபாயும் அந்தப் பென் டிரைவும் இருந்தன. முதற் கடைக்காரர் என் யந்திரத்தின் வயதைக் கேட்டதும் துக்கம் விசாரிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, புதியது வாங்கும்படி சொன்னார். இரண்டாமவர் எஸ்.எஸ்.டி. போடச் சொன்னார். அது நல்ல பொருள்தான்; கணினி விரைவாக விழித்தெழும். ஆனால் 6 ஜிபி படம் இரண்டு மணி நேரம் ஓடுவதற்கு நொடிக்கு ஒரு எம்பிகூட வேண்டாம். பழைய வட்டே அதைப் போலப் பல மடங்கு தரும். பசி வயிற்றில் இருக்கும்போது செருப்பை மாற்றி என்ன பயன்?

மூன்றாமவர் ஓர் இளைஞர். “படம் எந்தக் கோடெக்?” என்று அவர்தான் முதன்முதலில் கேட்டார். இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று ஜிடி 710. விலை குறைவு, ஆனால் எச்.265 அதற்குத் தெரியாது. மற்றொன்று 2017இல் வந்த ஜிடி 1030, எச்.265, விபி9 இரண்டும் தெரியும். ஏவி1 தெரியாது, அது எனக்கு இப்போது தேவையும் இல்லை. 30 வாட் மின்சாரமே கேட்பதால், பழைய பெட்டியின் மின்வழங்கியை மாற்ற வேண்டியதில்லை. ஏற்கனவே பயன்படுத்திய கார்டு, 2,800 ரூபாய்.

சரோஜினி நகர் சந்தையில் சட்டை வாங்குபவர்கள் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். நானும் கார்டை அவருடைய கணினியிலேயே செருகி, என் பென் டிரைவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சங்கடம். என் பழைய திரைக்கு இருப்பது விஜிஏ கம்பி. கார்டிலோ எச்டிஎம்ஐயும் டிவிஐயும்தான் உண்டு. விஜிஏ வாயே இல்லை. மறுபடி ஆறு நிலையங்கள், 350 ரூபாய்க்கு ஒரு மாற்றி. நேயர்களில் யாரேனும் இந்த வேலையில் இறங்கினால், திரையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. கார்டுக்குரிய டிரைவர் மென்பொருளை நிறுவவும் மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, எச்.265 படத்தை எச்.264க்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம். கோப்பு பெருக்கும், தெளிவு இம்மியளவு குறையும். ஆனால் ஒரு காசும் செலவில்லை. தமக்கை மகனிடம் அவனுடைய புதுக் கணினியில் மாற்றி அனுப்பச் சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு படத்துக்காக என்றால் அதுவே உத்தமம். கார்டு வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பேச்சைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

பழைய யந்திரத்துக்கு எல்லா உயிரும் வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயதான செயலியை ஏற்காது. ஆகையால் வங்கிக் கணக்கு முதலியவற்றை இதில் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். படம் பார்க்கவும் தட்டெழுதவும் மட்டுமே இது.

ஞாயிற்றுக்கிழமை காலை தகப்பனார் மறுபடி வேட்டி மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தார். ஊஞ்சல் ஆடியது. கன்னிகாதானம் ஆயிற்று. கெட்டிமேளம் முழங்க, முழங்கும்போதே, மாப்பிள்ளையின் கைகள் தாலியை முடிந்தன. அவர் இரண்டு கைகளையும் தூக்கி, திரையை நோக்கி அட்சதை போடுவது போல விரல்களை விரித்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கொஞ்சம் பின்னாலே தள்ளு. அந்தத் தவில்காரன் யார், நம்ம ஊர்ப் பையன் மாதிரி இருக்கிறானே” என்றார்.