கம்பளி வணிகரின் மாளிகை



இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில், வேல்ஸ் எல்லைக்கு அருகே, ஸ்டோக்சே என்னும் சிற்றூரில் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. அதனைக் கோட்டை என்றே வழங்குகின்றனர். சொற்களை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பெயர் அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை. அதைக் கட்டியவர் படைத்தலைவரும் அல்லர், பிரபுவும் அல்லர். லட்லோ நகரத்து லாரன்ஸ் என்ற கம்பளி வணிகர்.

ஆட்டு ரோமம் விற்று ஈட்டிய பொருளால் 1281-இல் அவர் அவ்விடத்தை வாங்கினார். 1283-இல் முதலாம் எட்வர்டு மன்னர் வேல்ஸை அடக்கிவிட்டமையால் எல்லையில் அச்சம் தணிந்திருந்தது. 1291-இல், மதில்மேல் ஞாயில்கள் அமைத்துக்கொள்ள மன்னரின் அனுமதியும் கிடைத்தது. எனினும் அகழியை நோக்கிய சுவரிலேயே பெரும் சாளரங்களைத் திறந்து வைத்திருக்கிறார்! பகைவருக்கு அஞ்சியவர் செய்யும் வேலையா இது? அந்த ஞாயில்கள் காவலைவிடக் கௌரவத்திற்கே என்பது என் எண்ணம்.

மாளிகையின் உயிர்நிலை அதன் பெருங்கூடம். 50 அடிக்கு மேற்பட்ட நீளமிருந்தும், கூரையைத் தாங்க நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சுவர்களிலிருந்து வளைந்தெழும் உத்தரங்களே பாரத்தை ஏற்கின்றன. தரையின் நடுவில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, எழுந்த புகை படிந்து மேல்மரங்கள் கறுத்துப்போயின. முழு மரங்களை வெட்டி அமைத்த படிகள் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கின்றன. குடும்பத்தார் தங்கும் மேலறைக்கு வெளிப்புறப் படிக்கட்டின் வழியே செல்ல வேண்டும். அவ்வறையில் கணப்பின் இருபுறமும் இரு சிறு துளைச் சாளரங்கள் உள்ளன. கூடத்தில் யார் என்ன செய்கின்றனர் என்பதை அங்கிருந்தபடியே எஜமானர் பார்க்கலாம். பணியாளர்கள் அத்துளைகளை அடிக்கடி அண்ணாந்து நோக்கியிருப்பார்கள்.

லாரன்ஸ் இங்கு நெடுநாள் வாழவில்லை. 1294-இல் பிரான்சுப் போருக்காக மன்னர் கம்பளிமீது கடும் வரி விதிக்க, அதற்கு இவர் துணை நின்றார். வணிகர்கள் கொள்முதல் விலையைக் குறைத்து, வரிச்சுமையை ஆடு வளர்ப்போர் தலையில் இறக்கினர். அவ்வாண்டே கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி அவர் மாண்டார். மடாலயங்களும் பெருமளவில் ஆடு வளர்த்த காலம் அது. ஒரு மடாலயத்தின் ஆண்டுக்குறிப்பு அம்மரணத்தைத் தெய்வ தண்டனையாகவே எழுதி வைத்தது.

வழித்தோன்றல்கள் இரு நூற்றாண்டுக்காலம் அதனை ஆண்டனர். 1645-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் அது நாடாளுமன்றப் படையிடம் பணிந்தது. சுற்றுமதில் இடிபட்டது, வீடு தப்பியது. பிற்காலத்தில் பெருங்கூடம் தானியக் களஞ்சியமாயிற்று. கோபுரத்தடியில் பீப்பாய் செய்வோர் தொழில் நடத்தினர். செல்வர் எவரும் குடியிருந்து புதுப்பிக்காதது நல்லதாயிற்று. அதனாலேயே பழைய வடிவம் அழியாமல் நின்றது. 1869-இல் கையுறை வணிகத்தில் பொருளீட்டிய ஜான் டெர்பி ஆல்கிராஃப்ட் அதனை வாங்கி, புதுமை எதுவும் புகுத்தாது பழுது மட்டும் பார்த்தார். இப்போது அது இங்கிலீஷ் ஹெரிடேஜ் என்னும் அமைப்பின் பாதுகாப்பில் உள்ளது.