தன்னார்வம் வேறு, வெட்டி வேலை வேறு

(குன்றாண்டார்கோவிலில் பேரிடர் கால மீட்புப் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து பயிற்சி எடுத்துக் களைத்திருப்பீர்கள். கயிற்றில் முடிச்சுப் போடவும், மூச்சு நின்றவரின் மார்பை அழுத்தவும், இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும் வைத்து அடிபட்டவரைத் தூக்கவும் கற்றுக்கொண்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஊர்ல மாடு செத்தா நம்மளக் கூப்பிடுறாங்க. குழி வெட்டணும்னா நம்மளக் கூப்பிடுறாங்க. இப்ப வெள்ளம் புயல்னு கவர்மெண்டும் கூப்பிடுது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

முதலில், இந்தப் பயிற்சி ஏன் தேவை என்று பார்ப்போம். நம் பக்கத்தில் ஒரு சிறுவன் கிணற்றில் விழுந்தால், கீரனூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அவன் உயிர் அங்கே நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது. நீந்தத் தெரியாதவர் பதறிக் குதித்தால் இரண்டு உயிர் போகும். கயிற்றில் காலிக் கேனைக் கட்டி வீசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இரண்டும் பிழைக்கும். பாம்பு கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். இது தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் போதும், ஒரு குடும்பம் தப்பும். 108 வண்டி வரும். அது வரும்வரை இருப்பவர் அக்கம்பக்கத்தவர்தான்.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தது. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோரை மீட்டது ராணுவமோ தீயணைப்புத் துறையோ அல்ல, குடும்பத்தினரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். பேரிடர் மேலாண்மை வகுப்புகளில் இந்த உதாரணத்தை எப்போதும் சொல்வார்கள்.

அதே ஜப்பானில் 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தைப் பற்றி அந்த வகுப்புகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. அப்போதும் அக்கம்பக்கத்தவர் தெருவுக்குத் தெரு தற்காப்புக் குழுக்கள் அமைத்தார்கள். கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அந்தக் குழுக்களும், காவலர்களும் ராணுவத்தினரும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். அவர்களும் சம்பளம் வாங்காமல் தெருவைக் காக்கக் கிளம்பியவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தே தன்னார்வம் உயிரைக் காக்கும், அல்லது எடுக்கும்.

ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வயல்வெளி இருக்கிற நம் நாட்டில் 'அக்கம்பக்கம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அப்போது முதுகலை முடித்துவிட்டு ஊரில் இருந்தேன். முந்தைய நாள் ஊர்த்தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்று சொன்னார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. போனால் எங்கே உட்காரச் சொல்வார்கள், தண்ணீரை எதில் தருவார்கள் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். ஒழுகும் காலனி வீட்டில், அஸ்திவாரம் நன்றாக இருந்த ஒரே அறையில், நாலு குடும்பம் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

விடிந்ததும் சாலையெங்கும் தைலமரமும் புளியமரமும் கிடந்தன. அரிவாளும் கோடாரியும் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியது எங்கள் தெரு ஆட்கள். இரண்டு நாள் வெட்டினோம். மூன்றாம் நாள் ஊருக்குள்ளிருந்து செய்தி வந்தது: கொட்டகை விழுந்து மாடுகள் செத்துக் கிடக்கின்றன, நாலு பேரை அனுப்புங்கள். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. கூலியும் இல்லை, ஏனென்றால் அது எப்போதும் செய்கிற வேலை. சில வாரம் கழித்து, புயலில் சேவை செய்த தன்னார்வலர்களைப் பாராட்டி ஓரிடத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பெயர் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவிடம் கோபமாகச் சொன்னேன். அவர் சுள்ளி ஒடித்துக்கொண்டே சொன்னார்: "அவுங்க செஞ்சா உதவிடா, நாம செஞ்சா வேலை."

என் முனைவர் பட்ட ஆய்வு அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியதுதான்.

'வெட்டி' என்ற சொல்லை இன்று வீண் என்ற பொருளில் பேசுகிறோம். கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஊழியத்துக்கு இருந்த பெயர் அது. பேரிடர் வேலையும் இதில் அடக்கம். 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போடப்பட்டது. ஏரிக்கரை, ஆற்றங்கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்தில் உள்ள உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது அது. எல்லா ஆண்களையும் அல்ல, 'உழைக்கும் வகுப்புகளை'ச் சேர்ந்த ஆண்களை. கரை உடைந்தால் யாருடைய வயல் மூழ்கும், மண் சுமக்க யார் போக வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம், அந்தச் சட்டம் இங்கே நேரடியாகச் செல்லாது. ஆனால் சட்டம் இல்லாமலே அந்த வழக்கம் இங்கே இருந்தது என்பதை உங்கள் தாத்தாக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையை மாற்ற மசோதா கொண்டுவந்தார். எந்த நேரமும் எந்த அரசு வேலைக்கும் கூப்பிட்டால் ஓட வேண்டும் என்று ஒரு சாதியைக் கட்டிவைத்த முறை அது. பிறகு அரசியலமைப்பில் 23-ஆவது பிரிவு வந்தது. கட்டாய உழைப்பு குற்றம் என்கிறது அதன் முதல் பகுதி. பொதுநலனுக்காக அரசு கட்டாய சேவை கேட்கலாம், ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது இரண்டாம் பகுதி. வெள்ளம் வந்தால் எல்லோரையும் கூப்பிடு, இல்லையென்றால் யாரையும் கட்டாயப்படுத்தாதே என்பதே இதன் பொருள்.

இப்போது குடிமைப் பாதுகாப்புக்கு வருவோம். சீனப் போரும் பாகிஸ்தான் போரும் முடிந்தபின், 1968-இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விமானத் தாக்குதலிலிருந்து மக்களைக் காப்பது அன்றைய நோக்கம். பிற்பாடு சட்டத்தைத் திருத்திப் பேரிடர் மேலாண்மையையும் சேர்த்தார்கள். 2025 மே 7 அன்று நாடு முழுவதும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்தது அந்த அமைப்பின் வேலைதான். நம்மைப் போன்ற கிராமங்களுக்கு அது வேறு பெயர்களில் வருகிறது. ஆப்த மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று ஒன்றிய அரசு அறிவித்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மீட்புக் கருவிகள், காப்பீடு எல்லாம் அதில் உண்டு. முதல்நிலை மீட்பாளர்கள் என்று தமிழ்நாடு அரசும் ஆபத்தான பகுதிகளில் உள்ளூர் ஆட்களைத் தேர்வு செய்கிறது.

குடிமைப் பாதுகாப்பில் பன்னிரண்டு பிரிவுகள் உண்டு. தெருவைக் கண்காணிக்கும் வார்டன் ஒரு பிரிவு. தகவல் தொடர்பு ஒன்று, முதலுதவி ஒன்று, தீயணைப்பு ஒன்று, மீட்பு ஒன்று. சடலங்களை அகற்றுவதும் அதில் ஒரு பிரிவு. தேவையான பிரிவுதான். இறந்தவரை மரியாதையோடு அனுப்புவதும் மனிதர் செய்ய வேண்டிய வேலை. என் கேள்வி ஒன்றுதான்: நம் ஒன்றியத்தில் இந்தப் பன்னிரண்டையும் பிரித்துக் கொடுத்தால் வார்டன் எந்தத் தெருவிலிருந்து வருவார், சடலம் தூக்குபவர் எந்தத் தெருவிலிருந்து வருவார்?

இது கற்பனைப் பயம் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களை அகற்ற வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பலர் வெறுங்கையால் தூக்கினார்கள். தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் நிவாரணப் பட்டியலில் விடுபட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மறு ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் வழங்கும்போது சாதி, மதம், பாலினம் பார்க்கக்கூடாது என்றது. நல்லது. ஆனால் அது வாங்குகிறவரைப் பற்றித்தான் பேசுகிறது. வேலையைப் பிரிக்கும்போது சாதி பார்க்கக்கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மூன்றாம் நாள் காலையில் 'நாலு பேரை அனுப்புங்கள்' என்ற செய்தி வருகிறது.

நம் மாவட்டத்து வேங்கைவயலையும் நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். தொட்டி மேல் ஏறி, மலம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தது அந்தக் குடியிருப்பு ஆட்களேதான். அதுவும் ஓர் அவசரநிலை மீட்பு வேலை, யாரும் அதை அப்படி அழைக்கவில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள். தன் தெருவைக் காக்கப் போகிறவருக்குப் பின்னால் அமைப்பின் பெயரும் பதிவேடும் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அதைப் பார்த்த பிறகு நான் யோசிக்காத நாளில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். சேர வேண்டுமா? கண்டிப்பாகச் சேருங்கள். நாம் ஒதுங்கினால் நம் தெருவுக்கு மீட்பாளர் இருக்கமாட்டார். வெட்டி வேலை மட்டும் மிஞ்சும். ஆனால் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள்.

உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, அடையாள அட்டையும் காப்பீடும் உண்டா என்று கேளுங்கள். கையுறை, காலணி, முகக்கவசம் இல்லாமல் சடலத்தையோ செத்த கால்நடையையோ தொடமாட்டோம் என்று சொல்லுங்கள். அந்த வேலை முறைவைத்து எல்லாத் தெருவுக்கும் வரட்டும், வந்தால் நாமும் செய்வோம். கயிறும் மிதவையும் டார்ச்சும் ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் பூட்டிக் கிடக்காமல், ஒரு பெட்டி நம் தெருவிலும் இருக்கட்டும். தங்கும் முகாம் எந்தக் கட்டடத்தில் என்பதைப் புயலுக்கு முன்பே கிராமசபையில் பேசுங்கள், நம் பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய இடமா என்று அவர்களிடமே கேளுங்கள். இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கும் தங்கைகள் நாலைந்து பேர்தான். அடுத்த முறை பாதிப் பேர் அவர்களாக இருக்க வேண்டும்.

மகாடு போராட்ட காலத்தில் அண்ணல் உருவாக்கிய சமதா சைனிக் தளமும் தன்னார்வலர் படைதான். சீருடை போட்டு, அணிவகுத்து, தன் மக்களின் கூட்டத்தைக் காத்தார்கள். யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டியிருந்தவர்களின் பிள்ளைகள், தாங்களே முடிவெடுத்துக் கிளம்பிய நாட்கள் அவை. தம்பி கேட்ட வித்தியாசம் அதுதான்.

ஊர்த்தெருவில் கிணற்றில் விழுந்தவரையும் நாம்தான் தூக்குவோம், சாதி கேட்காமல் தூக்குவோம். தூக்கிவிட்டு வருகிறவருக்கு அந்தத் தெருவில் உட்கார நாற்காலியும், குடிக்க எல்லோருக்கும் தருகிற தம்ளரும் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

மாலை வகுப்பில் கயிறு ஏறும் பயிற்சி இருக்கிறது. நானும் வருகிறேன்.