மிதிவண்டியும் மிதவைச் சட்டையும்



நீர் விளையாட்டின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல நிலத்தில் மிதிவண்டி ஓட்டுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். பேருந்து ஊரைக் கடந்துவிடும். மிதிவண்டியோ ஊர்தோறும் நிற்கும். வியர்வை வழிய வந்திறங்கும் கிழவனைக் காண நாலு பேர் கூடுவார்கள். கூடியவர்களிடம் பேசலாம், உண்டியலையும் நீட்டலாம். (அறுபதைக் கடந்த என் முழங்கால்கள் இவ்வாதத்தை ஒப்பவில்லை என்பது வேறு கதை.)

சென்ற மாசியில் என் பழைய மாணவர் ஒன்பதின்மருடன் மேட்டூரிலிருந்து முக்கொம்பு வரை காவிரியை ஒட்டியே நான்கு நாள் சென்றேன். பவானி, கொடுமுடி, முசிறி எனத் துறைதோறும் இறங்கினோம். பரிசலிலும் படகிலும் ஏறிக் களிக்கும் சிறுவர்க்கு உயிர்காப்புச் சட்டை வாங்கப் பொருள் திரட்டுவதே நோக்கம்.

ஒரு துறையில் முதிய பரிசல்காரர் ஒருவர் நகைத்தார். "வாத்தியாரய்யா, நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஆற்றில்தான். நீந்தத் தெரிந்தவனுக்குச் சட்டை எதற்கு?" என்றார். அவருக்கு விட்பியின் கதையைச் சொன்னேன்.

விட்பி, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலுள்ள துறைமுகம். 1861 பிப்ரவரி 9ஆம் நாள் அங்கே கடும்புயல். உயிர்காப்புப் படகினர் பலமுறை கடலில் இறங்கி, தத்தளித்த கப்பல்களின் மாலுமிகளை மீட்டனர். மீண்டும் சென்றபோது படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் மாண்டனர். அனைவரும் கடலிலே பழகியவர்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமனுக்கோ அப்படகுப் பணியில் அதுவே முதல் நாள். புதுவகைத் தக்கைச் சட்டை அணிந்திருந்தவர் அவர் ஒருவரே.

பரிசல்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதைக் கட்டுவது எப்படி?" என்றார்.

நல்ல கேள்வி. மனித உடல் தண்ணீரில் ஏறத்தாழ மிதக்கும் இயல்புடையது. மூக்கும் வாயும் மேலே நிற்க, பெரியவர் ஒருவருக்கு 3 முதல் 5 கிலோ அளவு மிதப்பு கூடுதலாகக் கிடைத்தால் போதும். அதைச் சட்டை தருகிறது. ஆனால் வார்களை இறுகப் பூட்டாவிட்டால் உடல் கீழே இறங்க, சட்டை மட்டும் மேலேறித் தலைவழியே கழன்றுவிடும். தந்தையின் சட்டை மகனுக்கு உதவாததும் இதனாலேதான்.

மூழ்குபவன் கூவுவான், கையசைப்பான் என்பது திரைப்படம் கற்பித்த பாடம். பெரும்பாலும் அவனால் கூவ முடிவதில்லை; வாய் நீருக்கு மேல் வரும் கணம் மூச்சு வாங்கவே போதாது. ஓசையின்றி அமிழ்ந்துவிடுவான். அத்தகையவனைக் கண்டால் நீங்கள் குதிக்க வேண்டா. உதவிக்குக் குரல் கொடுத்து, கரையில் நின்றபடியே கழியோ கயிறோ வேட்டியோ நீட்டுங்கள்; மூடியிட்ட வெற்றுக் கேனை எறியுங்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

உண்டியலில் சேர்ந்த தொகைக்கு வாங்கிய சட்டைகளில் பாதிக்குமேல் சிறுவர் அளவு. முதற்கட்டு அந்தப் பரிசல்துறைக்கே சென்றது. முக்கொம்புக்குக் கிழக்கே கல்லணை வரையுள்ள துறைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஆடிப்பெருக்குக்கு முன்னே அங்கும் போய்ச் சேர வேண்டும்.