வட்டம் பிறழ்ந்த மண்டிலங்கள்



நாண்மீன் வேறு, கோண்மீன் வேறு எனப் பிரித்தறிந்தவர் பழந்தமிழர். பட்டினப்பாலை இரண்டையும் ஒருசேரச் சுட்டுகிறது. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் அது சூழ்ந்த மண்டிலத்தையும் நேரிற் சென்று அளந்தவர் போல உரைப்போர் உண்டு என்கிறார். மண்டிலமாவது வட்டம். இன்றைய கவியரங்குகளிலும் கோள் என்றால் ஒழுங்கு, வழுவாமை என்பதே உவமை. அவ்வுவமை இனியும் செல்லுமா என்பதே இங்கு எழும் வினா.

நம் புவியின் பாதையே முழுவட்டம் அன்று. கோள்களின் வழி நீள்வட்டம் என்பதைக் கெப்ளர் 1609இல் வெளியிட்டார். கொளவாய் ஏரிக்கரையில் பனி இறங்கும் மார்கழியில்தான் புவி ஞாயிற்றுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டரில் உள்ளது. மாமல்லைக் கடற்கரை மணல் சுடும் ஆனியில் அத்தொலைவு 15 கோடியே 21 இலட்சமாகிறது. பருவங்களை ஆக்குவது அண்மை அன்று, புவியச்சின் சாய்வே. வட்டத்திலிருந்து விலகும் அளவாகிய மையப் பிறழ்வு புவிக்கு 0.017 மட்டுமே. புதனுக்கு அது 0.2.

பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டா என்னும் ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. இதனை அறிந்தோர் சிலரே. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் செலவில் ஒழுங்கின்மை கண்டு, கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று அதனை இழுக்கக்கூடும் என 1855இல் எழுதினார். அவ்விண்மீனுக்கு வேறொருவர் பின்னர்க் கற்பித்த கோளின் பாதை நிலைத்து நில்லாது என 1899இல் மோல்டன் கணித்துக் காட்டினார். அங்குக் கோள் எதுவும் இன்றளவும் உறுதிப்படவில்லை. ஆயினும் விண்மீனின் தள்ளாட்டத்தைக் கொண்டு கோளை உய்த்துணரும் நெறி சரியானதே. 1995இல் மேயரும் கெலோவும் 51 பெகாசி விண்மீனின் கோளைக் கண்டது அத்தள்ளாட்டத்தை ஒளியின் நிறமாலையில் அளந்தே.

அதன்பின் வந்தவை வட்டத்தின் பெருமையைக் குலைத்தன. 2001இல் அறியப்பட்ட எச்டி 80606 பி என்னும் கோளின் மையப் பிறழ்வு 0.93. மாசி, பங்குனி முன்னிரவில் மாமல்லைக் கரையில் வடக்கு நோக்கி நின்றால், எழுமீன் இடம்பெறும் பெருங்கரடிக் கூட்டத்தில் அதன் விண்மீன் இருக்கும் திசையைக் காணலாம். விண்மீனைக் காணத் தொலைநோக்கி வேண்டும். 111 நாளில் ஒருமுறை சுற்றும் அக்கோள், விண்மீனை விட்டு 13 கோடி கிலோமீட்டர் சென்று, மீண்டு 45 இலட்சம் கிலோமீட்டர் அளவுக்குப் பாய்ந்து நெருங்குகிறது. 2007இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அந்நெருக்கத்தைக் கண்டபோது, ஆறு மணி நேரத்தில் அதன் வெப்பம் ஏறத்தாழ 500 பாகையிலிருந்து 1200 பாகை செல்சியசுக்கு ஏறியது.

அதன் பாதை சாய்ந்தும் உள்ளது. தன்னைத் தானே சுற்றும் விண்மீனின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறுபாதி விலகுகிறது. குறுக்கே செல்லும் கோள் எப்பாதியை எவ்வளவு நேரம் மறைக்கிறது என்பதை ஒளியின் நிறப்பெயர்ச்சி காட்டிக்கொடுக்கும். அவ்வாறு கண்ட சாய்வு ஏறத்தாழ 40 பாகை. 2009இல் அறியப்பட்ட வாஸ்ப் 17 பி, விண்மீன் சுழலும் திசைக்கு எதிராகவே சுற்றுகிறது!

எச்டி 80606க்குத் தொலைவில் துணை விண்மீன் ஒன்றுண்டு. அது ஊழிக்கணக்கில் மெல்ல இழுத்ததால், கோளின் பாதை சாய்வும் நீட்சியும் பெற்றது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். லிடோவும் கொசாயும் 1960களின் தொடக்கத்திலேயே இக்கணக்கைத் தந்துவிட்டனர்.

'பிறழ்வு' என்னும் சொல்லைப் பிழையாக மட்டும் கொள்ள வேண்டுவதில்லை. நீரில் கயல் துள்ளிப் புரள்வதையும் நம் புலவர்கள் பிறழ்தல் என்றே பாடினர். அக்கோளின் பாய்ச்சலுக்கு இதனினும் பொருந்திய சொல் அரிது.

கடல்மல்லையில் ஓதம் எழுப்பும் அதே ஈர்ப்பு, ஒவ்வொரு நெருக்கத்திலும் அக்கோளின் உடலைப் பிசைகிறது. அதில் ஆற்றல் சிறிது சிறிதாகக் கழிய, நெடுங்காலத்தில் அந்நீண்ட பாதை குறுகி, விண்மீனை ஒட்டிய சிறு வட்டமாகக்கூடும்.